இரண்டு பூட்டுகள்: அசூசா தெருச் சபையின் பிற்கால வரலாற்றை வாசித்தல்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அசூசா தெரு 312ஆம் எண் கட்டடத்தில் 1906 ஏப்ரலில் கூடத் தொடங்கிய பெந்தெகொஸ்தே சபையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஓர் அலமாரியை நிரப்பும். அவற்றில் பெரும்பாலானவை 1909ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிடுகின்றன. சபையோ 1931 வரை அதே கட்டடத்தில் ஆராதித்தது. மூன்றாண்டு எழுப்புதலுக்கு முந்நூறு பக்கம், எஞ்சிய இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பத்தி என்ற இந்தக் கணக்கு வெறும் கவனக்குறைவால் வந்ததன்று. எழுப்புதலை ஒரு நிகழ்ச்சியாகப் பார்ப்பவருக்கு அது அணைந்தபின் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சபையை ஒரு சபையாகப் பார்த்தால் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. அசூசா தன் பணி என்று எதை அறிவித்ததோ, அதை நடத்திக் காட்டவும் காப்பாற்றவும் பட்ட பாடு பெரிதும் அந்தச் சுருங்கிய ஆண்டுகளில்தான் நிகழ்ந்தது. 1915இல் வெளிவந்த அதன் சட்டநூலைப் பல ஆய்வாளர் வீழ்ச்சியின் சாட்சியாகக் காண்கின்றனர். முன்பு கதவைத் திறந்தே வைத்திருந்து இழந்தவற்றைக் கணக்கெடுத்த ஒரு சிறு சபையின் தெளிந்த பதில் அது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்திலேயே ஒரு பூட்டு உண்டு. வில்லியம் ஜோசப் சீமோர் 1870இல் லூயிசியானாவில், அடிமைநிலையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். பெரியம்மையில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். ஹூஸ்டனில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில், டெக்சாஸின் நிறப்பிரிவினை காரணமாக வெள்ளையரோடு வகுப்பில் உட்கார முடியாமல், நடைகூடத்தில் இருந்தபடி பாடம் கேட்டார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே அடையாளம் என்ற போதனையை அங்கே பெற்றுக்கொண்டு, 1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தார். அவரை அழைத்த சான்டா ஃபே அவென்யூ சபையின் தலைவி ஜூலியா ஹட்சின்ஸுக்கு இந்தப் போதனை ஏற்கவில்லை. சில நாள்களிலேயே சபைக் கதவில் பூட்டுத் தொங்கியது. போக்கிடமற்ற சீமோர், நார்த் போனி பிரே தெருவில் ரிச்சர்ட், ரூத் ஆஸ்பரி தம்பதியரின் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தினார். ஏப்ரல் 9இல் அந்த வட்டத்தில் அந்நிய பாஷை எழுந்தது. கூட்டம் வீட்டுக்குள் அடங்காமல் போனபோது, ஒரு காலத்தில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயமாக இருந்து பின் தொழுவமும் கிடங்குமாக மாறிவிட்ட அசூசா தெருக் கட்டடத்தை மாதம் 8 டாலர் வாடகைக்குப் பிடித்தார்கள்.

அறுபதடி நீளமும் நாற்பதடி அகலமும் கொண்ட அந்தக் கூடத்தில் மேடை இல்லை. ஆணிப் பீப்பாய்கள்மீது பலகை போட்டு இருக்கைகள் செய்தார்கள். இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிரசங்கபீடமாக்கினார்கள். அதைச் சுற்றியே சபை அமர்ந்தது. கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிக்கரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஜெபித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்துகொள்வதைக் கலிபோர்னியச் சட்டம் தடைசெய்திருந்த காலம் அது. ஏப்ரல் 18இல் முதன்முதலாக இக்கூட்டத்தைப் பற்றி எழுதிய உள்ளூர் நாளேடு கேலியைத்தான் கொட்டியது. அதே நாள் சான் பிரான்சிஸ்கோவைக் குலுக்கிய நிலநடுக்கத்தை விசுவாசிகள் வேறுவிதமாக வாசித்துக்கொண்டார்கள்.

தனக்கு இட்ட பணி எது என்று இச்சபை எண்ணியது? இரண்டு விடைகள் உண்டு. அவற்றை ஆய்வாளர் அடிக்கடி கலந்துவிடுகின்றனர். முதலாவது, உலக மிஷனரிப் பணி. அந்நிய பாஷை என்பது கற்காமலே கிடைக்கும் உண்மையான மனித மொழி என்றும், அதைக் கொண்டு தொலைதேசங்களில் பிரசங்கிக்கலாம் என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடுதான் ஆல்பிரட் கார், லிலியன் கார் தம்பதியர் இங்கிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். வங்காளிகளுக்கு அவர்கள் பேசியது விளங்கவில்லை. 1907இல் ஹாங்காங் சென்ற கார், எல்லா மிஷனரிகளையும் போலச் சீனமொழியை உட்கார்ந்து படித்தார். நம்பிக்கையின் ஒரு கூறு இப்படி அனுபவத்தால் கலைந்தபோதும் இயக்கம் கலையவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது பணி, அந்தக் கூடத்துக்குள்ளேயே நடந்தது: நிறக்கோடு அழிந்த ஓர் ஐக்கியம். இது நடந்ததற்கு வலுவான சான்று எதிரியின் வாயிலிருந்து வருகிறது. 1906 அக்டோபரில் வந்த பார்ஹாம், தன் மாணவரின் சபையில் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து ஜெபிப்பதைக் கண்டு அருவருப்போடு கண்டித்தார். சபை ஏற்காததால் அருகிலேயே போட்டிக் கூட்டம் தொடங்கினார். முதல் பணியை வைத்து அளந்தால் 1909க்குப் பிந்தைய அசூசா ஒரு காலிக்கூடு. இரண்டாவதை வைத்து அளந்தால் அளவுகோலே மாறிவிடுகிறது.

1907இல் சபை சட்டப்படி பதிவுசெய்யப்பட்டது. இரு நிறத்தாரும் அடங்கிய அறங்காவலர் குழு அமைந்தது. கட்டடத்தை 15,000 டாலருக்கு, 4,000 டாலர் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள். சபையின் பெயர்ப்பலகை மாட்டப்பட்டதையே ஃபிராங்க் பார்ட்டில்மன் வீழ்ச்சியின் தொடக்கமாகக் கண்டார். அசூசாவைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பங்கு இவர் 1925இல் வெளியிட்ட நூலிலிருந்து வருகிறது. ஆவி தங்குவதற்குப் பலகையும் பத்திரமும் வேண்டாம் என்ற அவருடைய கருத்தைப் பின்வந்த வரலாற்றாசிரியர் பலர் சோதிக்காமலே எடுத்துக்கொண்டனர். பார்ட்டில்மன் 1906 ஆகஸ்டிலேயே வேறோர் இடத்தில் தனிக் கூட்டம் தொடங்கியவர். அவர் சாட்சி, விலகிப்போனவரின் சாட்சி. கறுப்பினத்தவருக்குத் தங்கள் பெயரில் ஒரு பத்திரம் இருப்பது என்ன பொருள் தந்தது என்பது அவர் பார்வைக்குள் வரவில்லை. சொத்தில்லாத தூய்மையைப் போற்றுவது, வேறு கதவுகள் திறந்திருப்பவருக்கு எளிது.

பதிவு செய்யப்படாத ஒன்று என்ன ஆனது என்பதைப் பத்திரிகையின் கதை காட்டுகிறது. 'அப்போஸ்தல விசுவாசம்' என்ற அவர்களுடைய இதழ் 1906 செப்டம்பரில் 5,000 பிரதிகளோடு தொடங்கி, அடுத்த ஆண்டே 40,000ஐ எட்டியது. விலையில்லை; காணிக்கையில் நடந்தது. அதன் முகவரிப் பட்டியல்தான் அசூசாவுக்கும் உலகத்துக்கும் இடையிலிருந்த பாலம். 1908இல் அதன் ஆசிரியப் பணியைச் செய்துவந்த கிளாரா லம் என்ற வெள்ளைப் பெண்மணி, ஓரிகானின் போர்ட்லண்டில் சபை நடத்திய ஃபுளோரன்ஸ் கிராஃபர்டிடம் சென்றார். பட்டியலும் உடன் சென்றது. இது சீமோரின் ஒப்புதலோடு நடந்ததா, இல்லையா என்பதில் ஆய்வாளர் இருபிரிவாக நிற்கின்றனர். என் வாதத்துக்கு அந்த வழக்கைத் தீர்க்கத் தேவையில்லை. விளைவு ஒன்றுதான்: அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அசூசாவுக்குத் தூரதேசத்து வாசகர்களோடு பேச வழியில்லாமல் போயிற்று, காணிக்கையும் வழி மாறியது.

இரண்டாவது பூட்டு 1911 மே மாதத்தில் விழுந்தது. சீமோர் வெளியூர்ப் பயணத்தில் இருந்தபோது சிகாகோவின் வில்லியம் டர்ஹாம் அசூசாவில் பிரசங்கித்தார். மனந்திரும்புதலுக்குப் பின் பரிசுத்தமாகுதல் என்ற தனி அனுபவம் ஒன்று உண்டு என்பது சபையின் உபதேசம்; கல்வாரியிலேயே எல்லாம் முடிந்தது, இரண்டாவது அனுபவம் தேவையில்லை என்பது டர்ஹாமின் போதனை. கூட்டம் மீண்டும் நிரம்பியது. திரும்பிவந்த சீமோர் அறங்காவலரோடு சேர்ந்து, கதவைச் சங்கிலியிட்டுப் பூட்டினார். ஐந்தாண்டுக்கு முன் தாம் பட்டதையே மற்றொருவருக்குச் செய்தார் என்று இந்த முரணைச் சுட்டிக்காட்டாத நூல் அரிது. இரண்டு பூட்டுகளும் ஒன்றல்ல என்று நினைக்கிறேன். டர்ஹாமுக்கு விரைவிலேயே வேறு மேடை கிடைத்தது, மக்களும் பெருமளவில் அவரோடு போனார்கள். சீமோருக்கு எஞ்சியது அந்தக் கட்டடமும் சிறுதொகைக் கறுப்பின விசுவாசிகளும். 1913இல் நகரத்துக்கு அருகே அரோயோ செக்கோவில் உலகப் பெந்தெகொஸ்தேக் கூட்டம் நடந்தபோது அவருக்கு மேடையில் இடமில்லை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். டர்ஹாமோடு நேர்ந்த பிளவு உபதேசப் பிளவு. அவருடைய ஆதரவாளரில் கறுப்பரும் இருந்தனர். அதை நிறத்தின் கதையாக்குவது ஆவணத்தை வளைப்பதாகும். மறுப்பின் முதற்பாதியை ஏற்கிறேன். டர்ஹாமின் நோக்கத்தில் நிறவெறியைத் தேடுவது வீண். ஆனால் நான் கேட்பது நோக்கத்தைப் பற்றியன்று. 1906இல் எல்மர் ஃபிஷரின் 'மேல்வீட்டறை' மிஷன் வெள்ளையர் பலரை ஈர்த்துக்கொண்டது. 1908இல் பட்டியல் போர்ட்லண்டுக்குப் போனது. 1911இல் சபையின் பெரும்பகுதி டர்ஹாமோடு போனது. மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. ஆளும் அச்சும் கூட்டமும் நகர்ந்த திசை மட்டும் ஒன்றே: கறுப்பர் தலைமையிலிருந்து வெள்ளையர் தலைமைக்கு. ஒவ்வொரு முறையும் தனித்தனிக் காரணம் சொல்லி ஒதுக்கிவிட்டால் இந்தத் திசை கண்ணில் படாது. சபைக்குள் இருந்து இழந்தவர்களுக்கு அது பட்டிருக்க வேண்டும் என்பதற்கு 1915ஆம் ஆண்டு நூலே ஆதாரம்.

அந்தச் சட்டநூல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையின் ஒழுங்குநூலை மாதிரியாகக் கொண்டது. பிஷப், துணைப் பிஷப், அறங்காவலர் ஆகிய பொறுப்புகளில் கறுப்பினத்தவரே இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. வெள்ளையர் விசுவாசிகளாக வரத் தடையில்லை. இரு நிறத்தாரும் ஒருவரையொருவர் நேசிக்கக் கடன்பட்டவர் என்றும் சொல்கிறது. இந்த ஏற்பாடு வருத்தத்துக்குரியதே, ஆயினும் சபைகளுக்குள் இனச்சண்டை மூளாதிருக்க வேண்டியது என்பது அது தரும் விளக்கம். நிறக்கோட்டை அழித்த சபையே அதை மறுபடி வரைந்துகொண்டது என்பது இதன்மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு. அழிக்க முயன்ற கோடு எது என்று கேட்டால் பதில் கிடைக்கும். உட்காரும் பலகையிலும் கைவைத்து ஜெபிப்பதிலும் அழிந்த கோட்டை நூல் மறுபடி வரையவில்லை. பத்திரமும் பதவியும் மட்டும் இனிக் கைமாறாதபடி கட்டப்பட்டன. ஒன்பதாண்டு அனுபவத்தில், அன்பு மிகுந்திருந்த காலத்திலும் கைமாறிப் போனவை அவையே அல்லவா? அதே நூல், ஆவியின் கனி இல்லாத இடத்தில் அந்நிய பாஷையை மட்டும் அபிஷேகத்துக்கு அடையாளமாகக் கொள்ள மறுக்கிறது. உபதேசத்தில் இது பின்வாங்கல் என்று சொன்னவர் உண்டு. வரம்பெற்றும் அன்பில் தவறியவர்களைக் கண்டபின் செய்துகொண்ட திருத்தமாக அதைப் படிப்பதே சபையின் அனுபவத்தோடு பொருந்துகிறது.

இருந்தும் இந்நூலை முழுக்க நியாயப்படுத்த நான் முனையவில்லை. பெண்கள் ஊழியம் செய்யலாம், ஆனால் அபிஷேகம்செய்து பணியில் அமர்த்தவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ கூடாது என்று அது கட்டுப்படுத்துகிறது. தொடக்கத்தில் பெண்களின் தோளில் நின்ற சபை இது. மெதடிஸ்ட் மாதிரியோடு வந்து ஒட்டிக்கொண்ட விதியா, பட்டியலைக் கொண்டுபோனவர்கள் பெண்கள் என்ற மனக்குறையா என்று நூல் சொல்லவில்லை. எதுவாயினும் வாழ்க்கை அந்த விதியை மதிக்கவில்லை என்பதைக் கீழே காண்போம்.

மற்றொரு மறுப்பு அடித்தளத்தையே அசைப்பது. பெந்தெகொஸ்தே இயக்கத்துக்கு அசூசா ஊற்றுக்கண்ணே அன்று, பல ஊற்றுகளில் ஒன்று என்று ஜோ கிரீச், ஆலன் ஆண்டர்சன் போன்றோர் காட்டிவிட்ட பிறகு, அதன் பிற்காலத்தைத் தோண்டுவதில் என்ன பயன்? பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் 1905இல் எழுந்த எழுப்புதல் அசூசாவுக்கு முந்தியது. இன்னும் பின்னே, 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பனின் ஊழியத்தில் அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் பதிவாகியுள்ளன. தமிழ்க் கிறிஸ்தவருக்குக் கலிபோர்னியாவைத் தொடக்கமாகச் சொல்வது எப்போதுமே சற்றுப் பொருந்தாத செய்திதான். ஆனால் இந்த ஆய்வுமுடிவு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அசூசா ஊற்றுக்கண் என்றால் அதன் மதிப்பு வெளியே ஓடிய நீரில் இருக்கும். நீர் நின்ற 1909இல் கதையும் முடியும். பல சபைகளில் ஒன்று என்று கொண்டால், மற்ற எந்தச் சபையையும் போல, தன் கூடத்துக்குள் என்ன செய்தது என்பதை வைத்தே அதைப் படிக்க முடியும்.

சீமோர் 1922 செப்டம்பர் 28இல் மாரடைப்பால் இறந்தார். போனி பிரே வீட்டு நாள்களிலிருந்தே உடனிருந்தவரும் 1908இல் அவரை மணந்தவருமான ஜென்னி ஈவன்ஸ் மூர் போதகர் பொறுப்பை ஏற்றார். 1915இன் விதி ஏட்டில் இருந்தது, சபை அவரிடம் இருந்தது. 1930இல் கிரிஃபித் என்ற வெள்ளையர் ஒருவர் உள்ளே வந்து தலைமையைக் கைப்பற்ற முயன்றார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. சட்டநூல் எதிர்பார்த்திருந்த ஆபத்து அதுவே. வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் பிந்தியது. 1931இல் தீ ஆபத்து என்று சொல்லி நகர நிர்வாகம் கட்டடத்தை இடித்தது. எஞ்சிய சிலர் ஜென்னியோடு மீண்டும் போனி பிரே வீட்டில் கூடி ஜெபித்தார்கள். அவர் 1936இல் இறந்தார். 1938இல் நிலமும் கடனில் போயிற்று. இன்று அந்த இடம் ஜப்பானிய-அமெரிக்கப் பண்பாட்டு மையத்தின் திறந்தவெளிக்குள் அடங்கிக் கிடக்கிறது.