எண்ணும் விளம்பரமும்

பொருள் விற்போர் பண்டு சொல்லின் துணையையே நாடினர். இருபதாம் நூற்றாண்டில் எண்ணும் அவர்க்குத் துணையாயிற்று. சொல்லை ஐயுறும் மாந்தரும் எண்ணை ஐயுறுதல் அரிது. இவ்வியல்பு வணிகத்துக்கு எவ்வாறு பயன்பட்டதென்பதை ஐக்கிய அமெரிக்காவின் சிகரெட் விளம்பர வரலாறு தெளிவுறக் காட்டும்.

லக்கி ஸ்ரைக் சிகரெட் தொண்டையைக் குறைவாகவே உறுத்துமென 20,679 வைத்தியர் கூறுவதாக 1930 ஆம் ஆண்டின் விளம்பரமொன்று பறைசாற்றியது. இத்தொகை எவ்வாறு கிடைத்தது? விளம்பர முகவர் வைத்தியர்களுக்குச் சிகரெட்டுகளை அன்பளிப்பாக அனுப்பி, உடன் ஒரு வினாவையும் விடுத்தனர். இச்சிகரெட் ஏனையவற்றிலும் தொண்டைக்கு இதமானதன்றோ என்னும் பாங்கில் அவ்வினா அமைந்தது. விடையை வினாவே சுமந்து சென்றது. எண்ணப்பட்டது சோதனையின் முடிபன்று, உடன்பட்டோரின் தொகையே.

1946 இல் றெனோல்ட்ஸ் கம்பனி இவ்வழியில் மேலும் சென்றது. 113,597 வைத்தியரை வினவியதாகவும், பிற எந்தச் சிகரெட்டைப் புகைப்போரிலும் கமெல் சிகரெட்டைப் புகைப்போரே அவருள் மிகுதியென்றும் அது விளம்பரஞ் செய்தது. முதலிடம் வேறு, பெரும்பான்மை வேறு. கற்போரோ பெரும்பாலான வைத்தியர் கமெல் புகைப்பதாகவே கொள்வர். மேலும், வைத்திய மாநாடுகளில் கமெல் சிகரெட்டை இலவசமாக வழங்கிய பின்னரே, எச்சிகரெட்டை வைத்திருக்கின்றீர் என்னும் வினா எழுப்பப்பட்டதென வரலாற்றாசிரியர் எழுதுவர். எல்லாவற்றினும் மேலாக, வைத்தியர் ஒன்றைப் புகைத்தல் அது தீங்கற்றதென்பதற்குச் சான்றாகாது.

அவ்விளம்பரம் வழங்கிய காலத்திலேயே, 1950 இல், பிரித்தானியாவில் டொல், ஹில் என்னும் அறிஞர் இருவர் தம் ஆய்வை வெளியிட்டனர். அவர் வினவியதும் மாந்தரையே. ஆயின், நுரையீரற் புற்றுநோயாளர் 709 பேருக்கு எதிராக, வயதாலும் பாலாலும் அவரையொத்த பிற நோயாளர் 709 பேரை நிறுத்தி ஒப்பு நோக்கினர். புற்றுநோயுற்ற ஆடவர் 649 பேருள் புகையாதார் இருவரே. ஒப்புநோக்கப்பட்ட 649 ஆடவருள் அத்தகையோர் 27 பேர். இலட்சத்தைக் கடந்த தொகை மறைத்ததை இச்சிறு தொகை வெளிப்படுத்திற்று. 1964 இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கையும் புகைத்தலின் தீங்கை உறுதி செய்தது.

இவ்வுத்தி சிகரெட்டோடு ஒழிந்ததன்று. நூற்றுக்கு எண்பதின் மேற்பட்ட பல் வைத்தியர் கொல்கேற் பற்பசையைச் சிபார்சு செய்வதாகக் கூறிய விளம்பரத்தை, 2007 இல் பிரித்தானிய விளம்பர நியம அதிகாரசபை தவறான எண்ணந் தருவதெனத் தீர்த்தது. வினவப்பட்டோர் ஒன்றுக்கு மேற்பட்ட பற்பசைகளைச் சுட்ட இடமிருந்தமையே காரணம். எண்பது போக எஞ்சிய இருபதே பிறவற்றுக்கு உரியதென மக்கள் கருதினர். போட்டிப் பற்பசையொன்றோ ஏறத்தாழ அவ்வளவு சிபார்சைப் பெற்றிருந்தது.

ஆதலின், எண் பெரிதா சிறிதா என்பதன்று ஆராயத்தக்கது. வினவியவர் யார், வினவப்பட்டவர் யார், வினா யாது, எதனோடு ஒப்பிடப்பட்டது என்பனவே ஆராயத்தக்கன. இந்நான்கும் அறியாவிடத்து எண்ணும் வெறுஞ் சொல்லேயாம்.