தடைதாண்டும் குதிரைப் பந்தயத்தில் மதிப்பு விலை

மதிப்பு விலை என்பது, ஒரு குதிரையின் உண்மையான வெற்றி வாய்ப்புக்கு உரியதைவிடக் கூடுதலாகத் தரப்படும் பந்தய விலையைக் குறிக்கும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குளிர்காலச் சனிக்கிழமைகளில் நடக்கும் தடைதாண்டும் பந்தயங்களைச் சுற்றி இக்கருத்து நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. வெல்லும் குதிரையைக் கண்டுபிடிப்பது வேறு, மதிப்புள்ள விலையைக் கண்டுபிடிப்பது வேறு. தடைதாண்டும் பந்தயத்தின் சூதாட்ட வரலாற்றை இந்த வேறுபாட்டின் வரலாறாகவும் வாசிக்க முடியும்.

கணக்கு

ஒரு குதிரைக்கு 1-க்கு 7 என்று விலை சொன்னால், ஒரு பவுண்டு கட்டியவருக்கு அது வென்றால் 7 பவுண்டு ஆதாயமும் கட்டிய பணமும் கிடைக்கும். எட்டு முறை ஓடினால் ஒருமுறை வெல்லும் என்பது இவ்விலையின் பொருள். அதாவது 12.5 விழுக்காடு வாய்ப்பு. உண்மையில் ஆறில் ஒருமுறை வெல்லக்கூடிய குதிரைகளுக்கு இவ்விலை கிடைத்தால், ஒவ்வொரு பவுண்டாக 600 முறை கட்டுபவர் சராசரியாக 100 முறை வென்று 800 பவுண்டு திரும்பப் பெறுவார். ஆதாயம் 200 பவுண்டு. அதே குதிரைகளுக்கு 1-க்கு 4 விலை கிடைத்தால் 500 பவுண்டு மட்டுமே திரும்பும், 100 பவுண்டு நட்டம். குதிரைகளும் வெற்றிகளும் மாறவில்லை, விலை மட்டுமே மாறியது.

பந்தயம் ஏற்பவர்கள் (புக்கிகள்) சொல்லும் விலைகளை விழுக்காடாக மாற்றிக் கூட்டினால் 100-ஐத் தாண்டும். அந்த மிகையே அவர்களின் வருமானம். ஓடும் குதிரைகள் கூடக் கூட இம்மிகையும் பொதுவாகக் கூடும். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுபவர் நீண்ட காலத்தில் தோற்பது உறுதி.

தோற்றமும் எடைச்சுமையும்

பதிவான முதல் தடைதாண்டும் பந்தயம் 1752-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் நடந்தது. எட்மண்ட் பிளேக், கார்னீலியஸ் ஓ'கலஹன் என்னும் இருவர் பட்டவந்த் தேவாலயக் கோபுரத்திலிருந்து டோனரைல் தேவாலயக் கோபுரம் வரை வேலிகளையும் ஓடைகளையும் தாண்டிக் குதிரை ஓட்டினர். இரு குதிரைகள் மட்டும் ஓடிய இத்தகைய போட்டிகளில் இருவர் தம்முள் பணயம் வைத்தனர். பல குதிரைகளுக்கும் தனித்தனி விலை சொல்லி எவரிடமும் பணம் வாங்கும் தொழில் பின்னர் வளர்ந்தது.

லிவர்பூலுக்கு அருகிலுள்ள எயின்ட்ரீயில் 1839-இல் நடந்த பந்தயமே முதல் கிராண்ட் நேஷனலாகக் கொள்ளப்படுகிறது. 1843-இல் அது எடைச்சுமைப் பந்தயமாக (ஹேண்டிகேப்) மாற்றப்பட்டது. வலிமையான குதிரைக்குக் கூடுதல் எடையும் வலிமை குறைந்ததற்குக் குறைந்த எடையும் ஏற்றி, எல்லாவற்றுக்கும் ஒத்த வாய்ப்பை உருவாக்குவது இதன் நோக்கம். 1973-இல் கிரிஸ்ப் 12 ஸ்டோன் சுமந்து நெடுந்தொலைவு முன்னணியில் ஓடியது. அதைவிட 23 பவுண்டு குறைவாகச் சுமந்த ரெட் ரம், முடிவுக்கோட்டின் அருகே அதை முந்தி முக்கால் உடல் நீளத்தில் வென்றது.

எடையை முடிவு செய்யும் அதிகாரி, குதிரை முன்பு ஓடியதைக் கொண்டே கணிக்கிறார். கிராண்ட் நேஷனலின் எடைகள் பந்தயத்துக்குப் பல வாரங்கள் முன்பே வெளியாகின்றன. அதற்குப் பின் தேறிய குதிரை பழைய எடையிலேயே ஓடும். அந்த முன்னேற்றத்தைப் பிறருக்கு முன் காண்பது மதிப்பு தேடுவோரின் மரபான வழி. மழையில் இளகிய தரையில் நன்றாக ஓடுமா, தடைகளில் விழாமல் தாண்டுமா என்பனவும் இவ்வகையில் ஆராயப்படுகின்றன.

சனிக்கிழமைக் கூட்டம்

தொழிற்சாலை உற்பத்தி பாதிக்கப்படக் கூடாது என்று கருதி 1947-இல் கிராண்ட் நேஷனல் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. மூடுபனியில் நடந்த அப்பந்தயத்தில் 1-க்கு 100 விலையிலிருந்த காஹூ வென்றது. 1957-இல் விட்பிரெட் மது நிறுவனத்தின் ஆதரவில் சாண்டவுனில் பெரிய எடைச்சுமைப் பந்தயம் தொடங்கியது. 1960-இல் கிராண்ட் நேஷனல் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. இவ்வாறு சனிக்கிழமைப் பந்தயங்கள் குதிரைகளை அன்றாடம் கவனிக்காத மக்களையும் ஈர்த்தன. பெயர் பிடித்ததற்காகவும் ஜாக்கியின் புகழுக்காகவும் கட்டப்பட்ட பணம், சில குதிரைகளின் விலையைத் தகுதிக்கு மீறிக் குறைத்தது. அதன் மறுபக்கமாக வேறு சில குதிரைகளின் விலை உயர்ந்து நின்றது.

சாதாரண மக்களுக்குச் சட்டம் நீண்ட காலம் தடையாக இருந்தது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம் பந்தய வீடுகளை ஒழித்தது. 1906-ஆம் ஆண்டுச் சட்டம் தெருவில் பணம் கட்டுவதைக் குற்றமாக்கியது. கடன் கணக்கு வைத்திருந்த வசதியானவர்கள் வீட்டிலிருந்தே பந்தயம் கட்ட, தொழிலாளர்கள் காவலர் கண்ணில் படாமல் தெருமுனைத் தரகரிடம் காசைக் கொடுத்தனர். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1961 மே மாதம் முதல் பந்தயக் கடைகள் முறைப்படி திறக்கப்பட்டன.

ஒரே குதிரை, இரண்டு விலைகள்

பிரிட்டனில் 1929 முதல் புக்கிகளுடன் டோட் என்னும் பொதுத் தொகை முறையும் இயங்கியது. இதில் கட்டப்பட்ட பணம் முழுவதும் ஒன்று சேர்க்கப்பட்டு, கழிவு போக மீதி வென்றவர்களுக்குப் பகிரப்படும்.

1967 கிராண்ட் நேஷனலில் 44 குதிரைகள் ஓடின. 23-ஆம் தடையில் ஜாக்கியை இழந்து தனியே ஓடிய ஒரு குதிரை குறுக்கே திரும்ப, பின்வந்தவை மோதிக் குவிந்தன. வெகுதொலைவு பின்தங்கி வந்த ஃபோய்னாவான் அந்தக் குழப்பத்தைக் கடந்து தாண்டி வென்றது. அதன் பயிற்சியாளரே அன்று எயின்ட்ரீக்கு வராமல் வூஸ்டரில் இருந்தார். புக்கிகள் 1-க்கு 100 தந்தனர். டோட் 1-க்கு 444 தந்தது. ஒரே குதிரையில், ஒரே நாளில், பணம் கட்டிய இடத்தைப் பொறுத்து ஆதாயம் நான்கு மடங்குக்கு மேல் வேறுபட்டது.

1975-இல் அயர்லாந்தின் பெல்லூஸ்டவுனில் நடந்த எல்லோ சாம் நிகழ்வு விலையின் ஆற்றலை வேறுவிதமாகக் காட்டியது. கடைகளில் கட்டிய பணத்துக்கு, மைதானத்தில் பந்தயம் தொடங்கும்போது நிலவும் தொடக்க விலையே அடிப்படை. பார்னி கர்லி என்பவர் நாடெங்கும் பல கடைகளில் சிறுசிறு தொகைகளாகக் கட்டச் செய்தார். மைதானத்தின் ஒரே தொலைபேசியை அவருடைய ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டதால் கடைகளின் எச்சரிக்கை அங்கு எட்டவில்லை. விலை 1-க்கு 20 ஆகவே நின்றது. குதிரை வென்றது. ஆதாயம் மூன்று லட்சம் பவுண்டைத் தாண்டியது.

ஆய்வும் இணையமும்

1949-இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கிரிஃபித், வெல்ல வாய்ப்பு குறைந்த குதிரைகளுக்கு மக்கள் அளவுக்கு மீறிப் பணம் கட்டுவதையும், முன்னணிக் குதிரைகளுக்குக் குறைவாகக் கட்டுவதையும் புள்ளிவிவரங்களால் காட்டினார். பிரிட்டிஷ் பந்தயங்களிலும் இப்போக்கு பின்னர் உறுதிசெய்யப்பட்டது. ஆகவே ஃபோய்னாவான் போன்ற அரிய வெற்றியை நினைத்துப் பெரிய விலைகளின் பின்னால் செல்வது, பொதுவாக மதிப்புக்கு எதிர்த்திசையில் செல்வதாகும்.

2000-இல் தொடங்கிய பெட்ஃபேர் இணையப் பரிமாற்றத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் விலை சொல்லிக்கொண்டனர். ஒரு குதிரை தோற்கும் என்றும் கட்ட முடிந்தது. விலைகளின் கூட்டு 100-ஐ நெருங்கியது. பலரின் அறிவு ஒரே இடத்தில் சேர்ந்ததால் தவறான விலைகள் விரைவில் திருத்தப்பட்டன. முன்பு காலையிலிருந்து மாலைவரை நின்ற பிழை இப்போது சில நிமிடங்களில் மறைகிறது.

விளைவுகள்

மதிப்பைச் சரியாகக் கணிப்பவரும் பெரும்பாலான நேரம் தோற்கிறார். ஆறில் ஒரு வாய்ப்புள்ள குதிரைகளில் தொடர்ந்து பத்துத் தோல்விகள் வருவதற்கு ஏறத்தாழ 16 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அது தீயூழா, கணிப்பே பிழையா என்பதைப் பல நூறு பந்தயங்கள் முடியும்வரை பிரித்தறிய இயலாது. அதற்குள் பலர் தொகையை உயர்த்திக் கைப்பொருளை இழக்கின்றனர்.

மறுபுறம், தொடர்ந்து நல்ல விலையை எடுப்பவர்களின் கணக்குகளைப் புக்கிகள் சில பவுண்டுகளுக்குள் கட்டுப்படுத்துவது பிரிட்டனில் வழக்கமாகிவிட்டது. தோற்பவரின் கணக்குக்கு இத்தகைய வரம்பு அரிதாகவே விதிக்கப்படுகிறது. மதிப்பு விலையைக் காணும் திறன் மெய்யானது என்பதற்கு இக்கட்டுப்பாடே சான்று. அத்திறனால் பெரும்பாலோர் வாழ முடியாததற்கும் அதுவே ஒரு காரணம்.