தியாகராயச் செட்டியார், பிட்டி (1852–1925)

சென்னை நெசவுத்தொழில் முதலாளி, வணிகர், மாநகராட்சித் தலைவர். தறியை நம்பி வாழ்ந்த தேவாங்கர் சமூகத்தைச் சேர்ந்தவர். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் நெசவாலை, தோல் பதனிடும் தொழில் ஆகியவற்றை நடத்தினார். விசைநாடாத் தறியை முன்கூட்டியே ஏற்றவர்களுள் ஒருவர்.

1882இல் மாநகராட்சி உறுப்பினரான இவர், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே உழைத்து, 1920இல் அதன் தலைவராக இருந்தார். அரசு அதிகாரியல்லாத ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. மேயர் என்ற பெயர் 1933இல்தான் வந்தது. ஆனால் நகரின் முதல் குடிமகனாக இவர் ஆற்றிய பணி அப்பெயருக்கு முழுத் தகுதி உடையது. அதில் தலையாயது பள்ளி உணவு. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நாளொன்றுக்கு மாணவர் ஒருவருக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க 1920 செப்டம்பரில் மன்றம் ஒப்புதல் அளித்தது. பசியோடு வந்த ஏழைப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்திய திட்டம் இது. பின்னர் மேலும் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. தொடக்கக்கல்வி நிதியிலிருந்து செலவிட அரசு இசையாததால் 1925இல் நின்றுபோனது பெரும் இழப்பு.

1916இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். 1920 தேர்தலில் அச்சங்கம் கட்சியாக நின்று வென்றபோது முதலமைச்சர் பதவியை ஏற்க மறுத்தார். தியாகராய நகர் இவர் பெயரால் அமைந்தது.