சொத்துரிமை இயற்கையா?

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய துகள்கள் வந்தன. அது பழுப்பு நிலக்கரி என்று புவியியல் சொன்னது. யாருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. அது அதன் வேலையும் அல்ல.

பிரெஞ்சுப் பள்ளியில் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் எங்களுக்குப் பாடம். இயற்கை உரிமைகள் நான்கு என்கிறது அது: சுதந்திரம், சொத்து, பாதுகாப்பு, ஒடுக்குமுறையை எதிர்த்தல். சொத்துரிமை புனிதமானதாம். பொதுத் தேவைக்கு எடுத்தால் நியாயமான இழப்பீட்டை முன்கூட்டியே தரவேண்டும் என்றும் அதே பிரிவில் உண்டு.

நம் அரசியல் சட்டத்திலும் சொத்துரிமை அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது. 1957-ல் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தபோதும் அப்படித்தான். 1978-ல் 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து, 300-ஏ என்ற சாதாரணப் பிரிவாக்கியது. அந்த வருஷம் எந்த ஆய்வுக்கூடத்திலும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள், அவ்வளவுதான். உரிமை என்பது நிலக்கரி போல மண்ணுக்கடியில் காத்துக் கிடப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மனிதர்கள் பேசி, சண்டையிட்டு எழுதிக்கொள்வது.

எழுதுவதற்கும் நாளாகிறது. நிலமெடுப்புக்கு 1894-ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டமே நெடுங்காலம் இருந்தது. ‘நியாயமான இழப்பீடு பெறும் உரிமை’ சட்டத்தின் பெயரிலேயே ஏறியது 2013-ல். இங்கே பல கிராமங்கள் அதற்கு வெகுமுன்பே வயலை விட்டுப் போய்விட்டன.