டீ செஸ்ட் அச்செழுத்து

டீ செஸ்ட் என்பது, இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஸ்டீபன்சன் பிளேக் எழுத்து வார்ப்படச் சாலையார் 1939-ஆம் ஆண்டில் வெளியிட்ட, தடித்து ஒடுங்கிய ரோமன் பெரிய எழுத்துக்களாலான விளம்பர அச்செழுத்து வகையாகும். இதன் உருவத்தை வகுத்தவர் ராபர்ட் ஹார்லிங். ‘தேயிலைப் பெட்டி’ என்று பொருள்படும் இப்பெயர் வெறும் அலங்காரத்துக்காக இடப்பட்டதன்று. துறைமுகக் கிடங்குகளில் அடுக்கி வைக்கப்பட்ட மரப்பெட்டிகளின் முகப்பில் வெட்டுத் தகட்டை வைத்து மைதடவிப் பதித்த எழுத்துக்களின் சாயலையே இது ஈயத்தில் வார்த்தெடுத்தது.

அஸ்ஸாமிலும் இலங்கை மலைநாட்டிலும், பின்னதில் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினாலும், விளைந்து பதமாகிய தேயிலையை உலோகத்தாள் விரித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் நிரப்பி, விளிம்புகளுக்குத் தகரப் பட்டி அடித்துக் கப்பலேற்றுவது வெகுகாலம் வழக்கமாயிருந்தது. தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம், பெட்டியின் வரிசை எண், எடை ஆகிய இவ்வளவும் ஒரே முகப்பில் அடங்கவேண்டும். அதே சமயத்தில் கிடங்கின் மங்கலான வெளிச்சத்தில் சற்றுத் தூரத்தில் நிற்பவனுக்கும் புலப்படவேண்டும். அகலத்தைச் சுருக்கி உயரத்தையும் தடிப்பையும் காப்பாற்றும் எழுத்து இத்தகைய அவசியத்திற்கு மிகவும் பொருந்துவது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

வெட்டுத் தகட்டு எழுத்தின் ஜீவநாடி அதன் ‘பாலம்’. துத்தநாகத் தகட்டிலோ எண்ணெயூட்டிய கெட்டி அட்டையிலோ ஓர் ஆங்கில ‘ஓ’வை முழுவதுமாக வெட்டினால், எழுத்தின் உள்ளறையாகிய நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும், அதைப் பிடித்து நிறுத்துவதற்காக இடையிடையே வெட்டாமல் விடப்படும் கீற்றே பாலம். ‘ஏ’, ‘பி’, ‘டி’, ‘ஆர்’ முதலிய எழுத்துக்களுக்கும், நான்கு, ஆறு, எட்டு, ஒன்பது, சுன்னம் ஆகிய இலக்கங்களுக்கும் இது தவிர்க்கமுடியாதது. உள்ளறை இல்லாத ‘எஸ்’ போன்ற எழுத்துக்களுக்குக் கண்டிப்பாக வேண்டியதில்லை எனினும், தகட்டின் நீண்ட நாக்குகள் தூரிகை படும்போது மடங்காதிருக்கவும், வரிசை முழுவதும் ஒரே ஜாதியாகத் தோன்றவும் அவற்றிற்கும் பாலம் இடுவதுண்டு. ஒடுங்கிய தடித்த எழுத்தில் மற்றொரு விசேஷம் உண்டு. அங்கே உள்ளறையே செங்குத்தான ஒரு கீற்றாகச் சுருங்கிவிடுவதால், மேலும் கீழும் விட்ட பாலங்கள் ஏறக்குறைய அதே அகலத்தில் அமையும்போது, உள்ளறையும் பாலமும் ஒன்றோடொன்று கலந்து எழுத்து இரண்டு பிளவாக நிற்கிறது. ‘ஓ’ என்பது எதிரெதிர் நோக்கிய இரண்டு அடைப்புக்குறிகள் போலாகிவிடுகிறது. வார்த்தெடுத்த ஈய எழுத்துக்குப் பாலம் எதற்கும் பிரயோஜனப்படாது என்பது உண்மையே. ஆயினும் கைத்தொழிலின் நிர்ப்பந்தமாக இருந்த இடைவெளியை அச்சுக்கலை விரும்பி மேற்கொண்டு அழகாக்கிக்கொண்டது. இவ்வினத்தின் சரித்திரம் பெரும்பாலும் இந்த மாற்றத்தின் சரித்திரமே.

தகட்டெழுத்தைக் கடைக்காரர் சமாசாரம் என்று ஒதுக்குவது நியாயமன்று. பிரான்ஸில் தேவாலயங்களின் பெரிய வழிபாட்டு நூல்களையே இம்முறையில் எழுதினார்கள். பாரிஸில் பெரி என்பவரிடம் பெஞ்சமின் பிராங்க்ளின் 1781-இல் தகட்டெழுத்துத் தொகுதி ஒன்று வாங்கினார். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தகடு வெட்டும் இயந்திரம் தோன்றியபின் சரக்கனுப்பும் கிடங்குகளெல்லாம் இவ்வெழுத்துக்கு உறைவிடமாயின. பிறகு ஜெர்மனியில் பௌஹௌஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த யோசெஃப் ஆல்பர்ஸ் 1920-களில் சதுரம், முக்கோணம், கால்வட்டம் முதலிய சில வடிவங்களாலேயே எழுத்துக்களை ஆக்கிப் பரீட்சித்தார். பௌல் ரென்னரின் ஃபூட்டூரா பிளாக் என்னும் தகட்டெழுத்துச் சாயலான அச்செழுத்து 1929-இல் வெளிவந்தது. அமெரிக்காவிலோ 1937-இல் ஒரு விநோதம் நிகழ்ந்தது: லட்லோ நிறுவனத்துக்காக ஹண்டர் மிடில்டனும், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ஜெர்ரி பவலும், ‘ஸ்டென்சில்’ (வெட்டுத் தகடு) என்ற ஒரே பெயரில் தனித்தனி அச்செழுத்துக்களைச் சில வார இடைவெளியில் வெளியிட்டனர். பவலின் எழுத்து முனை மழுங்கிக் கனத்து அகன்றது; ராணுவப் பெட்டியின் ஞாபகத்தைத் தருவது. அகலத்தைத் தாராளமாகக் கேட்கும் அதைவிட, குறுகிய பத்தியிலும் நீண்ட தலைப்பை அடக்கவல்ல டீ செஸ்ட், பத்திரிகைக்காரனுக்குச் சௌகரியமானது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

ஹார்லிங் (1910–2008) வெறும் எழுத்து வரைபவர் அல்லர். 1936 முதல் 1939 வரை ‘டைப்போகிராஃபி’ என்ற பத்திரிகையை நடத்தியவர், பிற்காலத்தில் ‘ஹவுஸ் அண்ட் கார்டன்’ பத்திரிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். விக்டோரியா காலத்து நாடக விளம்பரங்களின் சாயலில் அவர் 1938-இல் வகுத்த பிளேபில் எழுத்தையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், மறந்துபோன தெருவெழுத்துக்களைத் தேடி மீட்கும் அவருடைய ரசனை துலங்கும். டீ செஸ்ட் தோன்றிய ஆண்டிலேயே யுத்தம் மூண்டது. அடுத்த ஆண்டில் காகிதக் கட்டுப்பாடும் வந்தது. விளம்பர எழுத்துக்கு அது நல்ல காலமன்று.

தேயிலைப் பெட்டிகளின் இடத்தைக் காகிதச் சாக்குகள் பற்றிக்கொண்டபின், மூலவடிவம் ஏறக்குறைய மறைந்து நகலே மிஞ்சியது. கணினியில் கிடைக்கும் இவ்வெழுத்தைப் புத்தக அட்டை, உணவகப் பலகை, சரக்கு உறை ஆகியவற்றில் இன்றும் கையாளுகிறார்கள். சின்ன அளவில் அச்சிட்டால் மை பரவிப் பாலங்கள் அடைபட்டுப்போவதால், தலைப்புக்கன்றி வாசகத்துக்கு இதை உபயோகிப்பது தகாது. சொற்களுக்குள்ளும் எழுத்துக்களைச் சற்றே தள்ளிக் கோப்பது நல்லது, இல்லையேல் எழுத்தினுள் இருக்கும் கீற்றெது, எழுத்துக்களிடையே இருக்கும் கீற்றெது என்று கண் மயங்கும்.