ஊர்வல அனுமதி: பர்மிங்காம் நகரச் சட்டமும் அமெரிக்க உச்ச நீதிமன்றமும்

ஊர்வல அனுமதி என்பது பொதுச் சாலையில் ஊர்வலம், பேரணி, விழா போன்றவற்றை நடத்த விரும்புவோர் நகர நிர்வாகத்திடம் முன்கூட்டியே பெற வேண்டிய ஒப்புதல் ஆகும். இந்த ஒப்புதலை யார், எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்ற கேள்வி ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீதிமன்றங்களின் முன் வந்துகொண்டிருந்தது. அவற்றுள் அதிகம் பேசப்படுவது, 1963இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நடந்த ஓர் ஊர்வலம். நான்கு தெரு தூரமே சென்ற அந்த ஊர்வலத்தையொட்டி உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகள் வழங்கியது. ஒன்றில் ஊர்வலத்தினர் தோற்றனர், மற்றொன்றில் வென்றனர்.

தெரு யாருக்குச் சொந்தம்?

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாஸ்டன் நகரின் பொதுப் பூங்காவில் மேயரின் அனுமதியின்றிச் சமயச் சொற்பொழிவு ஆற்றிய ஒருவர் தண்டிக்கப்பட்டார். மாசசூசெட்சு மாநில நீதிமன்றத்தில் இவ்வழக்கைத் தீர்த்த நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ், ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டில் பேசக் கூடாது என்று பிறரைத் தடுப்பதைப் போலவே பொது இடத்தில் அரசும் தடுக்கலாம் என்றார். 1897இல் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. பிற்காலத்தில் பேச்சுரிமையின் பெரும் காவலராக அறியப்பட்ட ஹோம்ஸ்தான் இவ்வாறு எழுதினார் என்பது சற்று வியப்பளிப்பது.

இக்கருத்து 1939இல் வலுவிழந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரத்தில் மேயர் ஃபிராங்க் ஹேக், தொழிற்சங்கத்தினர் கூட்டம் நடத்துவதையும் துண்டறிக்கை வழங்குவதையும் தடுத்துவந்தார். கலவரம் நேரக்கூடும் என்று அதிகாரி கருதினாலே கூட்ட அனுமதியை மறுக்க அந்நகரச் சட்டம் இடமளித்தது. உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. தெருக்களும் பூங்காக்களும் மக்கள் கூடுவதற்கும் கருத்துப் பரிமாறுவதற்கும் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வருபவை, அரசு அவற்றை மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் விளக்கினார்.

அப்படியானால் அனுமதியே தேவையில்லையா? நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் யெகோவாவின் சாட்சிகள் 88 பேர், சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து அட்டைகளை ஏந்தி அனுமதியின்றி நடைபாதையில் சென்ற வழக்கு இதற்கு விடை தந்தது. ஒரே நேரத்தில் இரு ஊர்வலங்கள் மோதாமல் பார்த்துக்கொள்ளவும் காவலர்களை ஏற்பாடு செய்யவும் நகரம் அனுமதி முறையை வைத்திருக்கலாம் என்று 1941இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. நேரம், இடம், நடத்தும் முறை ஆகியவற்றை மட்டுமே அதிகாரி பார்க்க வேண்டும். என்ன பேசப் போகிறார்கள் என்பதைப் பார்க்கக் கூடாது.

பர்மிங்காம், 1963

பர்மிங்காம் நகரச் சட்டத்தின் 1159ஆம் பிரிவு இந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. பொதுநலம், அமைதி, பாதுகாப்பு, உடல்நலம், கண்ணியம், ஒழுங்கு, ஒழுக்கம், வசதி ஆகியவற்றின் பொருட்டு மறுப்பது தேவை என்று நகர ஆணையம் கருதினால் அனுமதியை மறுக்கலாம் என்றது அது. இத்தனை சொற்களுள் ஒன்றிலாவது அடங்காத ஊர்வலம் எதுவும் இருக்க முடியாது.

நிறவேற்றுமைக்கு எதிரான போராட்டம் தொடங்கிய ஏப்ரல் 3ஆம் நாள், போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த்தின் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி நகர மண்டபத்துக்குச் சென்று அனுமதி கேட்டார். காவல்துறைக்குப் பொறுப்பான ஆணையர் யூஜின் ‘புல்’ கானர், அனுமதி கிடைக்காது, சிறைக்குத்தான் அனுப்புவேன் என்ற பொருளில் பதிலளித்தார். இரு நாள் கழித்து ஷட்டில்ஸ்வர்த் தந்தி மூலம் கேட்டார். அனுமதி வழங்குவது தனி ஆணையர் அல்ல, முழு ஆணையமே என்று கானர் தந்தியிலேயே மறுத்தார். ஆனால் பிற அமைப்புகளுக்குப் போக்குவரத்துப் பிரிவின் வேண்டுகோளின் பேரில் நகர எழுத்தரே அனுமதி கொடுத்துவந்தார் என்று மெய்ப்பிக்கப் பின்னர் போராட்டத்தினர் முயன்றனர். விசாரணை நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை.

ஏப்ரல் 10 இரவு நகர நிர்வாகம் மாநில நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. புனித வெள்ளியான ஏப்ரல் 12 அன்று மார்ட்டின் லூதர் கிங், ரால்ஃப் அபர்நாத்தி, ஷட்டில்ஸ்வர்த் ஆகியோர் முன்செல்ல, 52 பேர் தேவாலயத்திலிருந்து இருவர் இருவராக நடைபாதையில் நடந்தனர். வாகனம் எதையும் மறிக்கவில்லை. போக்குவரத்து விளக்குகளை மீறவுமில்லை. எனினும் கைது செய்யப்பட்டனர். கிங் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற மடலில் இச்சட்டத்தையே எடுத்துக்காட்டினார்: அனுமதி கோரும் சட்டம் தன்னளவில் தவறானதன்று, நிறப்பிரிவினையைக் காக்கப் பயன்படும்போது அநீதியாகிறது என்பது அவர் வாதம்.

இரண்டு தீர்ப்புகள்

தடையாணையை மீறியதற்கான வழக்கு 1967இல் உச்ச நீதிமன்றத்தில் 5–4 என்ற வாக்கில் போராட்டத்தினருக்கு எதிராக முடிந்தது. நகரச் சட்டத்தின் செல்லுந்தன்மை ஐயத்துக்குரியது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆயினும் நீதிமன்ற ஆணையை மீறும் முன் அதை நீக்கக் கோரி முறையிட்டிருக்க வேண்டும் என்றது. அனுமதி கேட்டால் அதிகாரி மறுப்பார், நீதிமன்றத்தில் முறையிட்டால் புனித வெள்ளியும் ஈஸ்டரும் கடந்துவிடும் என்ற நடைமுறைச் சிக்கலுக்கு இத்தீர்ப்பில் விடை இல்லை. கிங் அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில் மீண்டும் அலபாமா சிறைக்குச் சென்றார்.

நகரச் சட்டத்தை மீறியதற்காக ஷட்டில்ஸ்வர்த்துக்கு 90 நாள் கடுங்காவலும், அபராதமும் செலவுத்தொகையும் கட்டாததற்கு மேலும் 48 நாளும் விதிக்கப்பட்டிருந்தன. இவ்வழக்கில் 1969 மார்ச் 10 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, பாட்டர் ஸ்டூவர்ட். தெளிவான, குறுகிய வரையறைகள் இல்லாத அனுமதிச் சட்டம் செல்லாது, அதை மதிக்காமல் நடந்தவரைத் தண்டிக்க முடியாது என்பது இதன் சாரம். இச்சட்டம் போக்குவரத்து ஒழுங்குக்கு மட்டுமே உரியது என்று அலபாமா உச்ச நீதிமன்றம் 1967இல் புதுப் பொருள் தந்து அதைக் காப்பாற்றப் பார்த்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த விளக்கத்தை 1963இல் யாரும் ஊகித்திருக்க முடியாது என்று ஸ்டூவர்ட் அதை ஒதுக்கினார்.

கட்டணமும் காலக்கெடுவும்

பின்னர் சிக்கல் கட்டணத்தின் வடிவில் வந்தது. 1987 சனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் கவுண்டியில் ஒசியா வில்லியம்ஸ் தலைமையிலான சிறு ஊர்வலம் கல்லெறிந்து தாக்கப்பட்டது. அடுத்த வாரம் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே திரண்டனர். பாதுகாப்புச் செலவு 6,70,000 டாலரைத் தாண்டியது. உடனே நிர்வாகம் நாளொன்றுக்கு 1,000 டாலர் வரை கட்டணம் விதிக்கச் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது, கிங் பிறந்தநாள் விடுமுறையை எதிர்த்து ஊர்வலம் போக விரும்பிய ஒரு வெள்ளையின வாத அமைப்பு. கேட்கப்பட்டதோ 100 டாலர்தான். ஆனால் எதிர்ப்பாளர் எவ்வளவு பேர் வருவர் என்று அதிகாரி கணித்துக் கட்டணம் குறித்தால், அது பேச்சின் உள்ளடக்கத்துக்கு விலை வைப்பதாகும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற வாக்கில் அச்சட்டத்தை நீக்கியது. ஷட்டில்ஸ்வர்த்தைக் காத்த விதி அவர் எதிர்த்தவர்களையும் காத்தது.

இன்றைய அனுமதி விதிகளுக்கு மாதிரியாகக் கொள்ளத்தக்கது சிகாகோ பூங்கா நிர்வாகத்தின் விதித்தொகுப்பு. 50 பேருக்கு மேற்பட்ட நிகழ்வுகளுக்கு அனுமதி தேவை. 14 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும், அக்காலத்தை மேலும் 14 நாள் நீட்டிக்கலாம். மறுப்பதற்கான காரணங்கள் 13 மட்டுமே. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கஞ்சா சட்டத்தைத் தளர்த்தக் கோரிப் பேரணி நடத்த விண்ணப்பித்து, சில முறை அனுமதியும் சில முறை மறுப்பும் பெற்ற ஒரு குழு தொடுத்த வழக்கில், 2002இல் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை ஒருமனதாக ஏற்றது. வேண்டியவர்களுக்கு மட்டும் அதிகாரிகள் விதியைத் தளர்த்தினால் என்ன செய்வது என்று அக்குழு கேட்டது. அப்படி ஒரு போக்கு தொடர்ந்து தென்பட்டால் அப்போது வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பு அதை விட்டுவிட்டது.