முற்றத்தில் ஒருமுறை, உயரத்தில் ஒருமுறை

கபோ சந்தையால் நடந்து தெயாத்ரோ மாசிமோ பக்கம் வந்தால் அந்தப் பெரிய குவிமாடம் தெரியும். 1897இல் திறந்த அரங்கு. குவிமாடத்தைத் தாங்குவது இரும்புச் சட்டகம்.

இரும்புக் கூரையை உயரத்தில் வைத்துத்தான் முதன்முதல் பொருத்திப் பார்ப்பதென்றால் பெரிய ஆபத்து. ஒரு தறையாணித் துளை விலகினாலும் மேலே நிற்கும் தொழிலாளிதான் அந்தரத்தில் அவதிப்பட வேண்டும். ஆகவே பட்டறை முற்றத்திலேயே பூட்டிப் பார்ப்பார்கள்.

இஸ்தான்புல்லில் பல்கேரியர்களின் புனித ஸ்தேவான் தேவாலயம் இருக்கிறது. நிலம் இளக்கமென்பதால் கல்லை விட்டு இரும்பில் கட்டினார்கள். சுவர், கூரை எல்லாம் சேர்த்துச் சுமார் 500 தொன். வியன்னாவில் செய்து, அங்கேயே நிறுத்திப் பார்த்து, கழற்றி, தன்யூப் ஆற்றாலும் கருங்கடலாலும் கொண்டுபோனார்கள். 1898இல் திறந்தார்கள்.

எங்களைப்போல வர்த்தகம் படித்தவர்களுக்கு இது பரீட்சை மீதிதான். இரண்டு பக்கமும் சமப்பட்டாலும் சில பிழைகள் உள்ளே ஒளிந்திருக்கும். முற்றத்தில் துளைகள் பொருந்துவது தெரியும். ஆண்டுக்கணக்கான வெயிலில் இரும்பு என்ன செய்யும் என்பது தெரியாது. அதை முன்கூட்டியே கணக்குப் போடவேண்டும். மாசிமோ குவிமாடத்தின் சட்டகம் உருளைகள் மேலே இருக்கிறது. சிசிலி வெக்கைக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.